வலி அடங்க இரண்டு மணி

நாலேமுக்கால் வண்டிக்கு
இரண்டரைக்கே எழுந்துவிடுவேன்,
விரல் திறக்க.
வெந்நீர்ச் சட்டியில் பத்தும் கிடக்கும்,
பூட்டிய கடைவீதி மாதிரி.
ஒவ்வொன்றாய் ஷட்டர் ஏறும்.
கடைசி எப்போதும் இடது சுண்டுவிரல்.
அந்தக் கடை முதலாளி சோம்பேறி.

நாற்பத்தொன்றில் மூட்டுவாதமா என்று
டெப்போவில் சிரித்தார்கள்.
மழைக்கு வந்து வெயிலுக்குப் போகிற வலி இல்லை இது.
உடம்பின் காவல்காரனே
வீட்டுக்காரனைத் திருடன் என்று அடிக்கிறான்
என்றார் டாக்டர்.
(கொஞ்சம் என் சொல்லும் சேர்ந்திருக்கும்.)
ஞாயிறு இரவு, வாரத்துக்கு ஒருமுறை, அந்த மாத்திரை.
திங்கட்கிழமை காபி வாசம் ஆகாது.
காபி வாசம் ஆகாமல்
ஏற்காட்டு வண்டியில் கண்டக்டராய் இருந்து பாருங்கள்.

கனம் தூக்கவே கூடாது என்றார்கள்
மச்சான், மருந்துக்கடைக்காரர்,
மூன்றாம் சீட்டில் தினமும் வரும் தபால்காரர்.
தஸ்லிமா மட்டும்
"எத்தனை நாளாய்த் தூக்கவில்லை?" என்று கேட்டாள்.

அஸ்தம்பட்டியில் மாவு மில்லுக்கு மேல் மாடி.
கீழே மெஷின் ஓடினால்
மேலே இரும்புத் தட்டுகள் தாமாகவே பேசும்.
முதல் நாள் எனக்கு இரும்பு இல்லை,
ஒரு துடைப்பக்கட்டை.
என் பிடிக்கு மெலிசென்று
பழைய துண்டைச் சுற்றித் தடியாக்கினாள்.
எதிரே காலேஜ் பையன் ஒருவன்
என் எடையைத் தூக்கிக்கொண்டு
என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான்.

உட்கார், எழு.
கணக்கு எனக்குப் பழகியதுதான்:
ஒன்று, அடிவாரம் தாண்டி.
நாலில் காது அடைக்கும்.
ஏழில் யாராவது எலுமிச்சை முகருவார்கள்.
எட்டில் தொடை எரியும்,
எட்டில் நிறுத்திவிடுவாள்.
"இன்னும் பன்னிரண்டு வளைவு இருக்கே."
"வியாழக்கிழமை ஏறிக்கலாம், அண்ணா."

அவளுக்கு ஒரே சட்டம்:
செய்து முடித்த பிறகு அதிகமாகும் வலி
இரண்டு மணிக்கூறில் அடங்க வேண்டும்.
அடங்காவிட்டால் அடுத்த முறை எடை இறங்கும்.
ஐப்பசியில் மணிக்கட்டு வடை மாதிரி உப்பியது.
ஐந்து கிலோவிலிருந்து
திரும்பவும் துடைப்பக்கட்டை.
இறங்குகிற வண்டிக்கும்
டிரிப் ஷீட் எழுதத்தானே செய்கிறோம்.

நேற்று நாகலூர் பக்கத்து அம்மா ஒருத்தி
ஒரு மூட்டை பட்டர் ஃப்ரூட்டோடு
படியருகே நின்று என்னைப் பார்த்தாள்.
இரண்டு வருடமாய் இப்படிப் பார்ப்பவர்களுக்கு
மெஷினில் ரோல் மாட்டிக்கொண்டே இருந்தேன்.
நேற்று ரோல் புதிது. சாக்கு இல்லை.
பாதம் அகட்டி, இடுப்பை மடக்கி,
விரலுக்கு வேலை கொடுக்காமல்
முன்னங்கையில் அணைத்து
எழுந்தேன்.
படியில் வைத்தேன்.

அவள் நன்றி சொல்லவில்லை.
லக்கேஜ் டிக்கெட் கிழித்ததும் பிடித்துக்கொண்டாள்:
"தூக்கினவனே காசு கேக்கறியே!"
பதினேழாம் வளைவில் ஆரம்பித்த சண்டை
மூன்றாம் வளைவு வரை இறங்கி வந்தது.
அடிவாரத்தில் காசைத் தந்தாள்,
எல்லாம் சில்லறையாய்.
உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
பைக்குள் போட்டேன்.
ஒன்று விழுந்தது. தபால்காரர் எடுத்துக் கொடுத்தார்.

இரவு எட்டு இருபதுக்கு
வலது மணிக்கட்டு பேச ஆரம்பித்தது.
சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன்.
ஒன்பது. ஒன்பதே முக்கால்.
மனைவி, "என்ன, வண்டி லேட்டா?" என்றாள்.
பத்து ஐந்து வரை பார்த்தது ஞாபகம்.
அதற்குப் பிறகு
தூங்கிவிட்டிருக்கிறேன்.