மாவா மருந்தா

தாடையை முட்டில் வைக்கச் சொன்னாள் ஜெபசெல்வி.
"சிமிட்டாதீங்க, முனவ்வர் பாய்."
விளக்கு படபடத்தது,
சத்துவாச்சாரி சிக்னலில் கெட்டுப்போன மஞ்சள் மாதிரி.
படபடப்புக்குக் கண்ணின் ரத்தக்குழாய் விரிய வேண்டுமாம்.
"உங்களது கொஞ்சம் சோம்பேறி."

திரையில் என் கண்ணின் பின்சுவர்:
ஆரஞ்சு மணல்,
நடுவே கிளை கிளையாய்ப் பிரிந்து
கோடைப் பாலாறு.
ஓரத்தில் மஞ்சள் பொட்டுகள்.
கொழுப்பு கசிந்த இடம் என்றாள்.

விசாரத்தில் முப்பத்தொரு வருஷம்
தோல் மண்டிக் கணக்கு எழுதினவன் நான்.
சவ்வு சரியாய்ச் சீவாத தோலை
மூக்காலேயே ஒதுக்கிவிடுவேன்.
உள்ளே படிந்ததை எந்தக் கத்தி சீவும்?

இரவு ஒன்பதுக்கு ஒரு வெள்ளை மாத்திரை.
டப்பாவில் பெயரில்லை. எண் மட்டும், 117.
ஆய்வில் பாதிப் பேருக்குக் கொழுப்பு மருந்து,
மீதிப் பேருக்கு வெறும் மாவு.
எனக்கு எது என்று
டாக்டருக்கே தெரியாது.

மாடிப்படியில் தொடை வலித்தால்
மெஹருன்னிசா பதறுகிறாள்.
எனக்கோ உள்ளுக்குள் குதூகலம்:
மருந்துதான்!
மாவுக்கு ஏது வலி?

இதைச் சொன்னேன்.
ஜெபசெல்வி கோட்டை அளந்தபடியே
"மாவு சாப்பிட்டும் சில பேருக்கு வலிக்கும், பாய்" என்றாள்.
பிறகு,
"போன தடவைக்கு இது ஒரு மயிரிழை அகலம்."
மயிரிழை.
அதற்கு மேல் அவள் சொல்லக்கூடாதாம்.

சொட்டு மருந்தில் விரிந்த கண்ணோடு
வெளியே வந்தேன். வேலூர் வெயில் முழுக்க
உள்ளே வந்து விழுந்தது.
பஸ் போர்டு ஒன்றும் தெரியவில்லை.
பூக்காரியிடம் கேட்டேன்:
"ஆற்காடு வண்டியா இது?"
"ஏறு, ஏறு" என்றாள்,
அவளும் பார்க்காமலே.