எஞ்சின் தனி

பெட்டியின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது:
எஞ்சின் தனி. பசை தனி. பெயிண்ட் தனி.
நான் படிக்கவில்லை.
பூன் லேயில் யாரோ வீடு மாறுகிறார்கள்,
பத்து வெள்ளி என்றார்கள், வாங்கிவிட்டேன்.

"எஞ்சின் என்றால் கருமருந்து," என்றான் ஹஸ்னுல்.
"அதற்கு எந்த வாசலில் போய் நிற்பாய்?"

அவனும் நானும் சாங்கி சரக்குக் கூடத்தில் இரவு ஷிப்ட்.
மீன், மருந்து, மலர்வளையம்,
ஒருமுறை உதைத்துக்கொண்டே ஒரு குதிரை.
எல்லாவற்றையும் வானத்தில் ஏற்றியாயிற்று.
இது முப்பது கிராம்தானே என்றேன்.

துடுப்புகளில்தான் தொடங்கினேன்.
பால்சா மரம். கையில் வைத்தால்
வைத்தது போலவே இல்லை.
ரேகை வெளிப்பக்கமாக ஓடவேண்டுமாம்;
மூன்றில் ஒன்றைக் குறுக்கே வெட்டிவிட்டேன்.
நகம் பட்டதும் படக்.
வேலையிடத்து அட்டைப்பெட்டி ஒன்றிலிருந்து
மாற்றுத் துடுப்பு செய்தேன்.
அதில் அச்சடித்த கண்ணாடிக் கோப்பை,
உடையும் பொருள் என்பதற்கு அடையாளமாய்,
அப்படியே வந்துவிட்டது.

குழாயில் நேர்கோடு போட ஒரு வழி உண்டு.
கதவு நிலையின் மூலையில் குழாயைப் பொருத்தி
நிலையையே அடிகோலாக வைத்துப் பென்சிலை இழுக்கவேண்டும்.
எட்டு வருடமாகத் திறந்து மூடுகிற கதவு.
அது நேராக இருப்பது
அன்றுதான் எனக்குத் தெரியும்.

டிசம்பர் மழையில் பசை காயவில்லை.
குளிர்பெட்டிக்குப் பின்னால் வரும் சூட்டில்
இரண்டு நாள் நிறுத்திவைத்தேன்.

பிறகு நூல் சோதனை.
இடுப்பில் கட்டித் தலைக்குமேல் சுழற்று,
மூக்கு முன்னே போனால் பறக்கும்.
ஒன்பதாம் மாடி நடைவழியில் சுழற்றினேன்.
வால்தான் முன்னே வந்தது.
எதிர்வீட்டு மேடம் குவா, கையில் சாவியோடு,
ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தார் போல,
சுவரோரம் ஒதுங்கி
முடியும்வரை காத்திருந்தார்.

மூக்குக்குள் போஸ்டர் ஒட்டும் நீலப்பசை ஓர் உருண்டை.
மறுபடி சுழற்றினேன். போனது.

ஹஸ்னுல் எஞ்சின் கொண்டுவந்தான்:
இரண்டு லிட்டர் சோடா புட்டி,
சைக்கிள் டியூப், ஒரு பிளாஸ்டிக் குழாய்.
"எங்கே எஞ்சின்?"
"நான்தான்," என்றான்.
எண்பத்தேழு கிலோ.
புட்டிமேல் குதிப்பானாம்,
காற்று ஓடிப்போய்த் தள்ளுமாம்.

செவ்வாய்க் காலை, ஷிப்ட் முடிந்த கண்களோடு
உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்குக்குப் பின்னால் திடல்.
நான் தமிழில் உரக்க எண்ணினேன்,
அவன் மலாயில், மனசுக்குள்.
எனக்கு நாலு வரும்போது
அவனுக்கு எண்ணெல்லாம் தீர்ந்துவிட்டது.

என் கைப்பேசியில் பதிவானவை:
ஈரப் புல், என் இடது செருப்பு,
"நாலு" என்கிற என் குரல்,
ஒரு தப்.

"எவ்வளவு உயரம்?"
"நீ பார்க்கவில்லையா வேதா?"
"நீ?"
குதிக்கிறவன் காலைத்தானே பார்ப்பான்.

திடலோரம் புல்வெட்டுகிறவர்
இயந்திரத்தை அணைத்தார். முகமூடியைத் தூக்கினார்.
ஒன்றும் பேசாமல் எதிர்ப் புளோக்கின்
நான்காவது மாடியைக் காட்டினார். யோசித்தார்.
கையை ஐந்தாவதற்கு உயர்த்தினார்.

எங்கள் ராக்கெட் பறந்த உயரம்
உலகத்தில் அந்த ஒரு கைக்குத்தான் தெரியும்.

ராக்கெட் இப்போது
பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் நடைக்கூரைமேல்.
பாராசூட் பாதி திறந்து ஓரத்தில் தொங்குகிறது,
காற்று வந்தால் ஊதுகிறது, நின்றால் சுருங்குகிறது.
கண்ணாடிக் கோப்பை தலைகீழாகத் தெரிகிறது.
கீழே எல்லாரும்
குடையை மடக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.
எடுத்துத் தரச் சொல்லி
நகர மன்றத்தை அழைக்கலாம்.
என்னவென்று சொல்ல?

அடுத்த செவ்வாயும் அவரைப் பார்த்தேன்.
இயந்திரத்தை அணைக்காமலே
கையைத் தூக்கிக் காட்டினார்.

இந்த முறை, ஆறாவது மாடி.