தடம் இல்லாத இருபது மீட்டர்

பரதராமி தாண்டி, சித்தூர் சாலை.
காலை ஆறே முக்கால்.
டேப்பின் ஒரு முனை என் கையில்,
மறுமுனை ஏட்டு தீனதயாளனிடம்.
நடுவே கறுப்பாய் இரண்டு கோடுகள்,
எழுதியதை யாரோ அவசரமாய் அடித்துவிட்ட மாதிரி.

"நாற்பது மீட்டர், மேடம்."

முதல் பன்னிரண்டு ஆந்திரா.
எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நம்முடையது.
பால்காரரை இடித்தது பதினேழரையில்,
ஆகவே வழக்கும் நம்முடையது.
அதைக் கேட்ட அந்தப் பக்கத்து எஸ்.ஐ.
தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு
எங்களுக்கும் சேர்த்து டீ சொல்லப் போனார்.

கார்க்காரர் குருவராஜுலு. தக்காளி மண்டி.
"மெல்லிகானே ஒச்சினா" என்றார்.
நான் தலையாட்டாததால் தமிழிலும் சொன்னார்:
"அம்பது, அம்பத்தஞ்சு. அதுக்கு மேல இல்லம்மா."
பொய் சொல்கிற முகமில்லை.
கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, வெறும் சாலையில்
வேகத்துக்குச் சத்தம் கிடையாது.

காய்ந்த தார், பாதி தேய்ந்த டயர்.
ஒவ்வொரு நொடியும் வேகத்தில் ஐந்து மீட்டர் கழியும்,
முதல் நொடியிலும் ஐந்து, கடைசி நொடியிலும் ஐந்து.
வேகத்தின் வர்க்கத்தைப் பத்தால் வகுத்தால் தூரம்.
இங்கே தூரம் தரையில் கிடக்கிறது,
திருப்பிப் போடுகிறேன்.
நாற்பது பத்து நானூறு. மூலம் இருபது.
நொடிக்கு இருபது மீட்டர்,
மணிக்கு எழுபத்திரண்டு.
சைக்கிள் மோதிக் குறைந்த வேகம்
கணக்கில் சேர்க்கிற அளவுக்கு இல்லை.

சரி, அவர் சொன்னதையே எடுத்துக்கொள்வோம்.
ஐம்பத்து நான்கு. நொடிக்குப் பதினைந்து.
பார்த்து, காலை மாற்றி, மிதிக்க ஒரு நொடி:
பதினைந்து மீட்டர்.
பிரேக்கில் இருபத்திரண்டரை.
முப்பத்தேழரையில் அந்தக் கார்
எத்திராஜின் பால் கேனைத் தொடாமல் நிற்கிறது.
எத்திராஜ் திரும்பி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு
மிதித்துப் போகிறார்.

எழுபத்திரண்டில் வந்த கார், அதே இடத்தில்?
நானூறில் நூற்றெழுபத்தைந்து போனது.
மிச்சம் இருநூற்றிருபத்தைந்து. மூலம் பதினைந்து.
இன்னொரு தரம் போட்டுப் பார்த்தேன்.
ஐம்பத்து நான்குதான்.
நின்றிருக்க வேண்டிய இடத்தில்
அவர் சொன்ன அதே வேகத்தில் இடித்திருக்கிறார்.
முள்ளை எப்போது பார்த்தாரோ.

வேலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.
தொடையெலும்பு, இரண்டு இடத்தில்.
சாலையில் சரிவு என்று எழுதுமளவுக்கு ஒன்றுமில்லை,
பாலுக்கு அது போதுமாயிருந்தது.
கல்லைத் தாண்டி ஆந்திராவுக்குள் ஓடிக் காய்ந்து
எறும்புகள் வந்துவிட்டன.

படிவத்தில் 'தடத்தின் நீளம்' என்றொரு கட்டம்.
நாற்பது என்று எழுதினேன்.
அதற்கு முந்தைய இருபதுக்குக் கட்டம் இல்லை.
கண் பார்த்துவிட்டது,
கால் இன்னும் ஆக்ஸிலேட்டரில்.
டயர் உருண்டபடியே போன தூரம்.
ரப்பர் ஒட்டவில்லை. கொஞ்சம் புளியம்பூ,
நசுங்கிய தக்காளி ஒன்று, அதுவும் நேற்றையது.

"அங்க என்ன மேடம் இருக்கு?"

"பிடிங்க" என்றேன்.

தீனதயாளன் டேப்பை இழுத்துக்கொண்டு
அந்த மாநிலத்துக்குள் நடந்தார்.
டீத் தட்டோடு எதிரே வந்த எஸ்.ஐ.
என்ன ஏதென்று கேட்காமல்
சாலையோரம் ஒதுங்கி வழிவிட்டார்.