டிக்கெட் ஜன்னல், வடக்கு வாசல்

இரண்டு டாலர், அப்போது.
அதுவும் இல்லையென்றால்
ஒரு டின் பீன்ஸ் போதும்,
உணவு வங்கிக்குப் போகும்.
ஒரு ஜனவரி இரவின் மொத்த வசூல்
பதினெட்டு டாலர், முப்பத்தொரு டின்.
ஒன்றில் மட்டும் பீச் பழம்.

நெப்ராஸ்காவில் பனி இறங்கிவிட்டால்
சாலை எது, சோளக் காடு எது என்று தெரியாது.
அப்படியும் வருவார் ஹார்லன் வெசெலி,
பன்றிப் பண்ணையிலிருந்து நாற்பது மைல்.
எட்டாம் வரிசை, ஓரத்து இருக்கை.
அவர் மகள் ஆடவில்லை.
மகளே இல்லை அவருக்கு.
ஏன் வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுவைத்தேன்.
"ஆண்கள் ஆட்டத்தில் முதுகுகள்தான் தெரிகின்றன.
இங்கே பந்து தெரிகிறது" என்றார்,
தெர்மாஸ் மூடியைத் திருகிக்கொண்டே.

ஆட்டம் முடிந்ததும்
வந்தவர் எண்ணிக்கையை எழுதித் தருவது என் வேலை.
தலைகளை எண்ணுவேன்.
தொண்ணூற்றாறு.
டிரம்பெட் ஊதும் பிள்ளைகளைச் சேர்ப்பேன்,
சோளப்பொரிக்காரனை, நடுவர்கள் மூவரை,
குளிருக்கு ஒதுங்கிய தபால்காரரை.
அப்புறமும் கை கூசும்.
இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதுவேன்.
பொய்தான்.
ஜோலீன் ப்ரெக் நாற்பத்தொரு புள்ளி எடுத்த இரவுக்கு
தொண்ணூற்றாறு பேர் என்று
எந்தக் கையால் எழுதுவது?

மறுநாள் அதே பலகைத் தரையில் ஆண்கள்.
பதினான்கு டாலர்.
வரிசை தீயணைப்பு நிலையம் வரை நீளும்.
பெரும்பாலும் தோற்பார்கள்.

விலையில்லாதது என்றொரு சொல்.
புரட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் பொருள் உண்டு.
அந்த வருடங்களில்
ஒரு பக்கத்தை மட்டுமே எங்களிடம் நீட்டினார்கள்.

இப்போது மிகக் குறைந்த டிக்கெட் நாற்பத்தாறு.
சேவைக் கட்டணம் ஒன்பது.
யாருக்கு யார் செய்த சேவை என்று
கணினி சொல்வதில்லை.
எட்டாம் வரிசை முழுவதும்
ஒரு விதை நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது,
பாதி நாள் காலியாக.
விற்றதைத்தான் எண்ணுகிறது இயந்திரம்,
உட்கார்ந்தவர்களை அல்ல.
என் பொய்யைவிடப் பெரிய பொய்;
அதற்குக் கை கூசுவதில்லை.

ஆனாலும் சொல்லிவிடுகிறேன்:
இமானி ப்ராக்டரின் பெயரை
முதுகில் அணிந்துகொண்டு
ஏழு வயதுப் பையன்கள் ஓடிவரும்போது
தொண்டை அடைத்துக்கொள்கிறது.
இதைக் கேட்டவள் நான்தான்.
இந்தக் கூட்டத்தை,
இந்த இரைச்சலை,
வெறும் நாற்காலிகளைப் பார்த்துப் பார்த்து
வருடக்கணக்காகக் கேட்டவள்.

போன சனிக்கிழமை ஜோலீன் வந்தாள்,
பழைய அணியின் இருவரோடு.
ஒருத்திக்கு முழங்கால் புதிது.
சலுகைச் சீட்டு மூன்றை
கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன்.
திருப்பித் தள்ளினாள்.
"நம்மை அன்றைக்கு எல்லாரும் சும்மாதான் பார்த்தார்கள், ஆர்டித்.
இன்றைக்கு ஒருமுறை
காசு கொடுத்துப் பார்க்க விடு."
நூற்று அறுபத்தைந்து டாலர்.
ரசீதை மடிக்காமல்
விரித்துப் பிடித்தபடியே உள்ளே போனாள்.

ஹார்லனுக்கும் அதே சீட்டை நீட்டியிருக்கிறேன்.
இரண்டு முறை.
"யாருடைய இடத்தில் உட்கார?" என்றார்.
மூன்றாம் முறை கேட்கவில்லை நான்.
வண்டி நிறுத்த இருபது டாலர் என்பதால்
தெருவுக்கு எதிரே
தீவனக் கடை வாசலில் நிற்கிறது
அவருடைய பிக்கப்.
உள்ளே ரேடியோ.
கண்ணாடி மட்டும் துடைத்திருக்கும்,
பந்து தெரியும் என்பதுபோல.

நான்காம் பகுதி, பதினோரு நொடி மிச்சம்.
இமானி எறிந்தது விழுந்துவிட்டது போல.
கூரை அதிர்கிறது,
என் சில்லறைப் பெட்டியில் காசுகள் நடுங்குகின்றன.
ரேடியோ ஏழு நொடி பின்தங்கித்தான் வரும்.
ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு
எண்ணுகிறேன்,
ஐந்து, ஆறு.

பனிக்கு அப்பாலிருந்து
ஒரு ஹாரன்.