காலர் மைக்கில் கேட்டது

காட்சியெல்லாம் உங்களுக்கு. எனக்குச் சத்தம் மட்டும்.
மூன்று வாரமாக
வில்ஃப் என்ட்விசிலின் நெஞ்சுக்கும் என் காதுக்கும் நடுவே
ஒரு கம்பிகூட இல்லை.
கழிப்பறைக்குப் போகும்போது மைக்கை அணைக்க மறப்பார்.
அங்கேயும் குறைதான்:
"கதவு இருக்கு. தாழ்ப்பாள் எங்கே?"

போல்டன் நகரத்துக்காரர்.
முப்பத்தாறு வருடம் ஊரார் வீட்டு வெந்நீர் பாய்லருக்குள்
தலையை விட்டுக்கொண்டிருந்தவர்.
பாஸ்போர்ட்டே அறுபத்திரண்டாம் வயதில்தான்,
அதுவும் நாங்கள் எடுத்துக் கொடுத்தது.
உலகத்தைக் காட்டினால் முகத்தைச் சுளிப்பார்.
சானல் காசு கொடுப்பது அந்தச் சுளிப்புக்கு.

கோபிப் பாலைவனம். ஜீப் நின்றது.
இயக்குநர் இமோஜென் இரண்டு கையையும் விரித்தாள்: எப்படி?
"என்ன எப்படி?
ஏழு மணி நேரம் குலுக்கிக் கூட்டிவந்து
காட்டுறது ஒண்ணுமில்லாததையா?
அதைப் பார்க்க எங்க ஊர் கார் நிறுத்துமிடம் போதுமே,
ஞாயித்துக்கிழமை காலையிலே.
வானம் வேற, அளவு தெரியாம வாங்கின சட்டை மாதிரி
எல்லாப் பக்கமும் தொங்குது."
பிரமாதம், பிரமாதம் என்றாள்.
அதற்கும் முறைத்தார்.

பிறகு ஒட்டகம்.
இரட்டைத் திமில், கிழிந்த கம்பளம்போல் உதிரும் ரோமம்.
உட்காரச் சொன்னால் அனத்தும், எழுப்பினால் அனத்தும்,
ஒரு போர்வையை மேலே போட்டால்
சொத்தை எழுதி வாங்கியதுபோல் ஓலமிடும்.
அவர் ஏறினார்.
என் ஹெட்போனில் இரண்டு புலம்பல்கள் கலந்தன.
எது அவர், எது அது என்று
இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.
ஒட்டகக்காரி ஸெவெல்மா ஏதோ சொல்லிச் சிரித்தாள்.
மொழிபெயர்க்க பத்ஹிஷிக் தயங்கினான்:
"அனத்துகிற ஒட்டகம்தான் நெடுந்தூரம் போகுமாம்."
வில்ஃப், "என்னையா சொல்றா?"
ஒட்டகம் பதில் சொன்னது.

இரவு, அவள் கூடாரத்தில்.
புளித்த ஒட்டகப்பால் கிண்ணத்தில் குமிழ்விட்டது.
"பால்னா குமிழ் விடக்கூடாது. விட்டா, அது பால் இல்லே."
நல்ல வரி. இமோஜென் குறித்துக்கொண்டாள்.
அடுப்புப் புகையில் எல்லோருக்கும் கண்ணீர்.
அடுத்த புலம்பலுக்காகக் காத்திருந்தோம்.

வரவில்லை.
பேட்டரி போய்விட்டதோ என்று பார்த்தேன். முள் ஆடியது.
மூச்சு. முழங்கால் சொடுக்கு. தகரத்தில் விரல் தட்டும் ஓசை.
"இந்த மூட்டுலதான் கசியுது" என்றார், யாரிடமும் இல்லாமல்.
கம்பி கேட்டார். காலி மீன் டப்பா கேட்டார்.
ஸெவெல்மா குறடை நீட்டினாள், கேட்பதற்கு முன்பே.
நாற்பது நிமிடம் இருவரும் பேசவில்லை,
பேச ஒரு பொது வார்த்தையும் கிடையாது,
அவள் குழாயைப் பிடிக்க அவர் முறுக்கினார்.
புகை கூரைத் துளை வழியே
வரிசையில் நிற்கப் பழகிய பிள்ளைபோல்
நேராக வெளியே போனது.

அப்போது அவர் முனகினார்.
வழக்கமான முனகல் இல்லை. அதில் ராகம் இருந்தது.

"வில்ஃப், ஏதாவது குறை?" என்றாள் இமோஜென்.
"இல்லையே. நல்ல அடுப்பு."
"கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன்."
யோசித்தார், பாவம், உண்மையாகவே.
"இல்லை."
மறுபடி எடுத்தோம். வெளியே போய், உள்ளே வந்து,
புகை தாங்காமல் இருமவேண்டும்.
புகைதான் இல்லையே.
ஒருவன் ஈரச் சாணியைக் கொளுத்தப் போனான்.
ஸெவெல்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.
அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஒளிபரப்பில் இருமல் இருந்தது, வேறு நாள் எடுத்தது.
ஒட்டகம் இருந்தது. பால் இருந்தது.
அடுப்பு இல்லை.
நாற்பது நிமிடமும் என்னிடம் இருக்கிறது,
"வீண்" என்று பெயரிட்ட கோப்பில்.

அடுத்த பயணம் கிரீன்லாந்து என்று தகவல் போனது.
வரமாட்டேன் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார்:
குளிர், முதுகு, விமானச் சாப்பாடு,
போன தடவை தொலைந்த காலுறை.
கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில்:
அங்கே எந்த மாதிரி அடுப்பு?