நாலு இஞ்ச் எல்போ

அழகாபுரத்தில் முப்பத்தாறு வீடுகள்.
பெயர் சேர்வராயன் எமரால்டு.
மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும் என்று
விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.
தெரிந்தது.
அதற்கு மதிப்பெண் இல்லை.

பசுமைச் சான்றுப் படிவம் நாற்பத்திரண்டு பக்கம்.
மேட்டூர் அனல் நிலையத்துச் சாம்பலில் வார்த்த கல்: நான்கு.
எரிந்த கரி யார் கணக்கில் என்று
படிவம் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
படுக்கையறையில் பகல் வெளிச்சம்: மூன்று.
இரண்டாம் தளத்தில் ஒருவர்
சன்னலை அடைத்து பீரோ வைத்திருந்தார்.
வாஸ்துவாம்.
லக்ஸ் மீட்டரை நீட்டினேன்,
பீரோக் கண்ணாடியில் இருந்த என் முகத்தைப் படித்து
முப்பது என்றது.

வேம்பு, புங்கன், பத்துக் கன்றுகள்.
ஒன்றைத் தொட்டேன்,
நாற்றுப் பண்ணையின் கறுப்புப் பையோடு
கையிலேயே வந்துவிட்டது.
"நேத்து சாயந்தரம்தாங்க மேடம் வெச்சோம்"
என்றார் கட்டியவர், அர்த்தநாரி,
பிடறி வேர்வையைத் துடைத்துக்கொண்டு.
மீதி ஒன்பதையும் நான் தொடவில்லை.

மழைநீர்க் குழி: இரண்டு. புகைப்படம் இணைக்கவும்.
மூடியை நகர்த்தினார்கள்.
கூழாங்கல், மணல், அடுப்புக்கரி,
யாரோ குடித்துப் போட்ட இளநீர்க் கூடு.
படம் எடுத்தேன்.
மொத்தம் அறுபத்தொன்று.
அறுபது தொட்டால் தங்கம்.
அர்த்தநாரி ஆளனுப்பி
தட்டுவடை செட் வாங்கி வரச் சொன்னார்.

பொட்டலம் வருவதற்குள் மலை காணாமல் போனது.
முதலில் மண் வாசனை, பிறகு தகரச் சத்தம்,
பிறகு ஒன்றும் கேட்கவில்லை, மழைதான்.
படிக்கட்டின் அடியில் ஒதுங்கி நின்றேன்.
அங்கிருந்துதான் பார்த்தேன்:
மாடியிலிருந்து இறங்கிய குழாய்
குழிக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டிருந்தது,
சொல்ல வந்ததை மறந்தவன் மாதிரி.
முப்பத்தாறு வீட்டுக் கூரைத் தண்ணீரும்
குழியைச் சுற்றிக்கொண்டு வாசலைத் தாண்டி
சாக்கடைக்குப் போய்
திருமணிமுத்தாற்றைத் தேடிக்கொண்டு ஓடியது.
குழி மூடியின் மேல் ஒரு தவளை, நனைந்தபடி.

இரண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.
ஐம்பத்தொன்பது.
"வெள்ளிங்களா?"
"சேலத்துக்காரருக்கு வெள்ளி இளப்பமா?"
செவ்வாப்பேட்டைப் பக்கம் கை காட்டினேன்.
"கொலுசு, மெட்டி, எல்லாம் காலுக்குப் போடறதுங்க.
நான் நெத்திக்கில்ல கேக்கறேன்.
ஒரு எல்போ மேடம், நாலு இஞ்ச்சு,
நூறு ரூபா சாமான், பிளம்பர் மறந்துட்டான்."
தட்டுவடை நமுத்துவிட்டிருந்தது.
இருவரும் தின்றோம்.

மறுநாள் காலை வாட்ஸப்பில் படம் வந்தது.
புது எல்போ, வழிந்த பசை,
ஓரத்தில் பிளம்பரின் கட்டைவிரல்.
குழி காய்ந்து கிடந்தது.
படிவத்துக்குப் புகைப்படம் போதும்.
முந்தின நாளும்
போதுமானதாகத்தான் இருந்தது.

அடுத்த மழை வரட்டும், நேரில் பார்க்கிறேன் என்றேன்.
பதினொரு நாளாயிற்று.
தினமும் நாலு மணிக்கு மலைமேல் கறுக்கும்,
ஓமலூர்ப் பக்கம் ஒதுங்கிவிடும்.
தினமும் அவர் கூப்பிடுவார்.
"அஸ்தம்பட்டில இடிக்குதுங்களா மேடம்?"
"இல்லீங்க. அங்க?"
"இங்கயும் இல்லீங்க."
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
வானத்தைப் பார்த்தபடி போனைப் பிடித்திருப்போம்.

நேற்று இரவு ஒன்றரை மணிக்கு இடித்தது.
எழுந்து டார்ச்சோடு கொல்லைப் பக்கம் போனேன்.
ஆறு வருடமாக வாடகை கொடுக்கும் வீடு.
சுவரோரம் ஒரு குழாய் இறங்குவது தெரியும்,
எங்கே போய் முடிகிறது என்று பார்த்ததில்லை.
செம்பருத்திக்குப் பின்னால் வளைந்தது.
துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போனது.
செருப்பைப் போட மறந்து நானும் போனேன்.

உள்ளே மேசைமேல்
போன் அடித்துக்கொண்டிருந்தது.