கன அடிக் கணக்கு

நரிக்கானம் எஸ்டேட்டின் பழைய பள்ளிக்கூடத்தை
ஏலத்துக்கு அளந்துவர என்னை அனுப்பினார்கள்.
போடியிலிருந்து முதல் ஜீப்.
பதினேழு கொண்டை ஊசி ஏறி
செக்போஸ்ட் தாண்டியதும்
பெயர்ப்பலகையில் எழுத்து உருண்டுகொண்டது.
குளிருக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே எழுத்து.

"ராத்திரி அங்கேயா தங்கல்?" என்றான் டிரைவர் ராயப்பன்.
ஆமாம் என்றேன்.
ஜீப்பை நிறுத்தாமலே இறக்கிவிட்டான் என்று சொன்னால்
கொஞ்சம்தான் பொய்.

முழுக்க மரம்.
அயினி உத்தரம், தேக்குச் சுவர்,
தரையில் வெண்தேக்கு, நடந்தால் ஒவ்வொரு பலகைக்கும்
ஒரு முனகல்.
முதலில் ஏலக்காய் ஸ்டோராம்.
பிறகு இரண்டு வருஷம் துரையின் குதிரை நின்றதாம்.
குதிரை செத்ததும் பிள்ளைகளை ஏற்றினார்கள்.
மழை பிடித்தால் இன்றைக்கும் மூன்று வாசனை:
ஏலம், லாயம், எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு.
எதற்கும் எங்கள் டிப்போவில் விலை கிடையாது.

பேய்க்கு இரண்டு பாஷை.
சாயாக்கடைக் குஞ்ஞவிரா சொன்னது மலையாளப் பேய்:
ஒரு மாஷ், வெள்ளை முண்டு,
பாலம் போன மழையில் பாலத்தோடு போனவர்,
ராத்திரியில் ஹாஜர் எடுக்கிறார்.
லயத்தில் சொன்னது தமிழ்ப் பேய்:
ஞானாபரணம் வாத்தியார், நாசரேத்துப் பக்கம்,
மலைக்காய்ச்சலில் ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் சாய்ந்தவர்.
ஏழேழு வரைக்கும் வந்தாராம்.
விடைக்கு வாய் திறந்தாராம், அவ்வளவுதான்.
பலகையைத் தட்டித் தட்டி
அதைத்தான் இன்னும் கேட்கிறார்.
மாநிலத்தைப் பிரித்தவர்களுக்குப்
பேயைப் பிரிக்கத் தோன்றவில்லை.

ஏலக்காட்டில் களை வெட்டும் சிட்டம்மா
வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"அது எங்கம்மா செஞ்ச பேய்யா."
கூலியில மூணணா ஏத்தணும்னு
விளக்கில்லாம அங்கதான் கூடுனாங்களாம்,
நாப்பது பொம்பளைங்க.
கங்காணி தலை தெரிஞ்சா காவல் நிக்கிறவ
சுவத்துல மூணு தட்டு.
சத்தத்துக்கு ஒரு ஆள் வேணுமே.
காய்ச்சல்ல போன வாத்தியார் இருந்தார்,
பாவம், இல்லேன்னு சொல்லமாட்டார்.
ஆறு மாசம் கங்காணி அந்தப் பக்கம் திரும்பலை.
கூலியும் ஏறிச்சு. ஒண்ணரையணா.
"மிச்ச ஒண்ணரையணாவுக்குத்தான் இன்னும் தட்டுதோ என்னமோ"
சிரித்துக்கொண்டே அரிவாளை எடுத்தாள்.

டார்ச், டேப், சாக்கு.
எனக்கு மரம் தெரியும், முப்பத்தொரு வருஷ டிப்போ.
வெயில் குடித்த பலகை பனி இறங்கினால் சுருங்கும்,
ஆணியைக் கடிக்கும், டக் என்னும். அவ்வளவுதான்.
ஒன்பது மணிக்கு டக். அவ்வளவுதான்.
பத்துக்கு முன்னால் டக் டக். அவ்வளவுதான்.
பதினொன்றரைக்கு
வடக்குச் சுவரில்
மூன்று.

அது வெயிலே படாத சுவர்.

எழுந்து உட்கார்ந்தேன்.
ஆறாவதோடு நின்றவன் நான்,
ஆனாலும் பெருக்கல்தானே என் சோறு.
"நாப்பத்தொன்பது" என்றேன், கொஞ்சம் உரக்கவே.

பலகைகள் எல்லாம் மூச்சைப் பிடித்தன.
தூரத்தில் ஒரு லாரி வளைவில் கியர் மாற்றியது.
சரி, ஆள் போய்விட்டார் என்று காலை நீட்டியபோது
மறுபடி அதே இடத்தில் மூன்று.
இந்தத் தட்டு வேறு.
வளையல் கூடவே கேட்டது மாதிரி இருந்தது.
ஒன்றரையணாவுக்கு என்னிடம் விடை இல்லை.
அணாவே இல்லை இப்போது.
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ரிஜிஸ்தரில் எழுதியது:
உத்தரம் பதினொன்று, நல்ல நிலை.
தெற்கு, கிழக்கு, மேற்கு: விலைக்கு ஆகும்.
வடக்குச் சுவர், முப்பத்தெட்டுப் பலகை:
உளுத்தது. கழிவு. எடுக்கவேண்டாம்.

கையெழுத்துப் போடுமுன்
அந்தப் பலகையை ஒருமுறை விரலால் தட்டிப் பார்த்தேன்.
இரும்பு.